வட சென்னை வினாடி வினா: இந்த விடைகளில் எது நிற்கும், எது விழும்?

பழைய வண்ணை படிப்பகம்:

வணக்கம். படிப்பகத்தில் 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வட சென்னையை மட்டும் வைத்து வினாடி வினா நடத்துகிறோம். நான்கு சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. பழைய கைடு, வாட்ஸ்அப் பார்வர்டு, தெருப் பலகை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் பொறுக்கிச் சேர்த்த கேள்விகள். பெற்றோரும் வந்து உட்காருவார்கள். அதில் பாதிப் பேர் ஹார்பரிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள். மைக்கில் தப்பாகச் சொன்னால் அங்கேயே எழுந்து கேட்டுவிடுவார்கள்.

சந்தேகமானவை மட்டும் கீழே. கோட்டுக்குப் பிறகு இருப்பது இப்போது எங்கள் தாளில் உள்ள விடை.

1. இந்தியாவின் முதல் ரயில் நிலையம் – ராயபுரம்
2. தொண்டையார்பேட்டை யாரால் பெயர் பெற்றது – குணங்குடி மஸ்தான் சாகிபு
3. வால்டாக்ஸ் ரோடு, பெயர்க் காரணம் – சுவர் வரி வசூலித்த இடம்
4. எம்டன் கப்பலில் வந்து குண்டு போட்ட தமிழர் – செண்பகராமன் பிள்ளை
5. புழல் ஏரியின் கொள்ளளவு – 3,300 டி.எம்.சி.
6. பக்கிங்காம் கால்வாயின் நீளம் – 796 கி.மீ.
7. திமுக தொடங்கிய இடமும் நாளும் – ராபின்சன் பூங்கா, 17.9.1949
8. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் – சென்னை தொழிலாளர் சங்கம், 1918
9. வட சென்னை மக்களவைத் தொகுதியில் உள்ள சட்டமன்றத் தொகுதிகள் – துறைமுகம், ராயபுரம், ஆர்.கே. நகர், பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம்
10. ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை யார் பெயரில் – மைசூர் திவானாக இருந்த ஆற்காடு ராமசாமி முதலியார்

ஆளுமைகள் சுற்றுக்கும் ஐந்தாறு பெயர் தேவை. தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.


ரயிலடி:

முதல் கேள்வியிலேயே நான்கு வேறு வேறு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பிரித்துச் சொல்கிறேன்.

1837-ல் செங்குன்றத்தில் இருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை தண்டவாளம் போட்டுக் கல் ஏற்றி வந்தார்கள். ரோடு போடுவதற்கான கல். ஆள் ஏறவில்லை, சரக்கு மட்டும்தான். இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று கேட்டால் விடை இதுதான். நம்ம ஊர்ப் பக்கத்துச் சமாசாரம் என்பதால் தவறாமல் கேளுங்கள். 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரிபந்தரில் இருந்து தாணேவுக்கு 34 கி.மீ. ஓடியது இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அடுத்த வருஷம் 1854 ஆகஸ்ட் 15-ல் ஹவுரா–ஹூக்ளி. ராயபுரம் அதற்கும் பிறகு: ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-ல் நிலையத்தைத் திறந்துவைத்தார், ஜூலை 1-ல் பொதுமக்களுக்கான வண்டி வாலாஜா ரோடு வரை சுமார் 100 கி.மீ. ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான்.

அப்படியானால் ‘இந்தியாவின் முதல்’ என்று எப்படிப் பரவியது? பம்பாயிலும் தாணேயிலும் 1853-ல் இருந்த கட்டடங்கள் இப்போது இல்லை. ராயபுரத்துக் கட்டடம் நிற்கிறது, வண்டியும் நிற்கிறது. அதனால் ‘இன்றும் இயங்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம்’ என்ற பெருமை ராயபுரத்துக்கு வந்தது. நீளமான வாக்கியம் வாய்க்கு வாய் தேய்ந்து ‘முதல் ஸ்டேஷன்’ ஆகிவிட்டது.

இன்னொரு வம்பு: எங்கே வரை ஓடியது என்று கேட்டால் ஒரு பிள்ளை வாலாஜா ரோடு என்பான், ஒரு பிள்ளை ஆற்காடு என்பான். அந்தக் காலத்தில் அந்த நிலையத்தை ஆற்காட்டின் பெயராலேயே குறித்தார்கள், வாலாஜா ரோடு என்பது இன்றைய பெயர். இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று நடுவர் தாளில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் சண்டை நிச்சயம்.

கூடவே சென்ட்ரல் 1873, எழும்பூர் கட்டடம் 1908. இந்த வரிசையைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லலாம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எப். தொடங்கிய நாள் 1955 அக்டோபர் 2, திறந்துவைத்தவர் நேரு. அங்கே முதலில் செய்தது பெட்டியின் வெளிக்கூடு மட்டும்தான். உள்ளே இருக்கை, விளக்கு எல்லாம் பொருத்திய முழுப் பெட்டி பிற்பாடுதான் வந்தது.


மூலக்கொத்தளம்:

மூன்றாவது கேள்வியில் உங்கள் தாளில் இருக்கும் ‘வசூலித்த’ என்ற ஒரு சொல்தான் தப்பு. 1767, 1769 என்று இரண்டு முறை மைசூர்க் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்து போனது. அதில் அரண்டுபோன கிழக்கிந்தியக் கம்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்பீல்டு. செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்ட ஒரு வரி போடத் திட்டம் இருந்தது, ஆனால் அந்த வரி முறையாக வசூலாகவே இல்லை. வசூலாகாத வரி ரோட்டுக்குப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே ‘விதிக்க நினைத்துக் கைவிட்ட வரி எது’ என்று கேளுங்கள். இப்போது பலகையில் வ.உ.சி. சாலை, ஆட்டோவில் வால்டாக்ஸ்.

அந்த மதிலின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. மதிலின் மேல்தளத்தில் பூங்கா போட்டதால்தான் அந்தப் பெயர். பூங்காவுக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நின்றுகொண்டிருப்பது மதில்மேல் என்று தெரியும்? படம் காட்டிக் கேட்க நல்ல கேள்வி.

மதில் போனாலும் அதன் சொற்கள் ஊர்ப்பெயரில் தங்கிவிட்டன. கவுனி என்றால் வாசல், அதுதான் யானைக்கவுனி. கொத்தளம் என்றால் மதில் முனையில் பீரங்கி வைக்கத் துருத்திக்கொண்டு கட்டுவது. மூலையில் இருந்த கொத்தளம் மூலக்கொத்தளம். பேசின் பிரிட்ஜ் பக்கம் ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்று ரயில்வே சரக்கு யார்டு இருக்கிறதே, அதை வீடுகளைச் சொல்கிற குவார்ட்டர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். கொட்டாரம் என்ற நம்ம சொல்லை வெள்ளைக்காரன் வாயில் போட்டு மென்றதுதான் கோட்டர்ஸ். உப்பைக் குவித்து வைத்த கொட்டாரம்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பர் நகரம் எங்கே இருந்தது என்று கேட்டால் இரண்டு சரியான விடை உண்டு. முதல் கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் கோட்டையைப் பிடித்தபோது பாதியை இடித்தார்கள்; 1758–59 முற்றுகைக்குப் பிறகு, பீரங்கி சுடக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்று மீதியை ஆங்கிலேயர்களே இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அந்தத் திறந்தவெளியின் எல்லையில் 1773-ல் தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் நிற்கிறது. தூணுக்கு வடக்கே முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்து இரண்டாவது கறுப்பர் நகரம் ஆயின. ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது இந்த இரண்டாவது நகரம்தான்.

தொண்டையார்பேட்டைக் கேள்வியை எடுத்துவிடுங்கள். மஸ்தான் சாகிபு தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, இங்கே வந்து தங்கி, இங்கேயே அடங்கியவர். அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால் பேட்டைக்கு அந்தப் பெயர் என்பது வழிவழியாகச் சொல்வது.


ரயிலடி:

மூலக்கொத்தளம் அண்ணா, வழிவழியாகச் சொல்வது என்றால் ஏன் எடுக்க வேண்டும்? தமிழ்ப் பாடத்திலேயே பிள்ளைகள் அவரைப் படிக்கிறார்களே.


மூலக்கொத்தளம்:

ஆளைப் பற்றிக் கேளுங்கள், ஊர்ப்பெயரைப் பற்றி வேண்டாம். கணக்குப் பாருங்கள் தம்பி. எழும்பூர், புரசைவாக்கம், தொண்டையார்பேட்டை மூன்றும் 1693-ல் கம்பெனி கைக்கு வந்த ஊர்கள். மஸ்தான் சாகிபு பிறந்தது அதற்குச் சுமார் நூறு வருஷம் கழித்து. ஊர் அவருக்கு முந்தியது. பெயர் எப்போது இந்த உருவத்துக்கு வந்தது என்று வாதாட இடம் இருக்கலாம், ஆனால் வாதாட இடமிருக்கிற எதையும் ஒரு வரி விடை கேட்கிற சுற்றில் வைக்கக் கூடாது. பதிலாக அந்த 1693 மூன்று ஊர்களைக் கேளுங்கள். 1708-ல் வந்த ஐந்து ஊர்களும் உண்டு: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. ஐந்தில் நான்கு நம்ம பக்கம்.

பெயர்க் காரணம்தான் வேண்டும் என்றால் ராயபுரம் இருக்கிறது. பீட்டர் என்பதற்குக் கிறிஸ்தவத் தமிழில் இராயப்பர். அவர் பெயரில் அங்கே தேவாலயமும் இருக்கிறது.


காசிமேடு அலை:

கடல், தண்ணீர் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டு சுட்டது. கேப்டன் கார்ல் பான் முல்லர். தொட்டிகள் தீப்பிடித்தன, கப்பல் வந்த வழியே போய்விட்டது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இதற்கு நினைவுக் கல் உண்டு. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த ராத்திரி கொடுத்த சொல்.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்பது நடக்கவே முடியாத விஷயம். எம்டன் கிழக்காசியாவில், சீனாவின் சிங்தாவோ துறைமுகத்தில் நின்ற கப்பல். போர் தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பிப் பசிபிக் வழியாகச் சுற்றி வங்கக் கடலுக்கு வந்தது. இடையில் ஐரோப்பாவைத் தொடவே இல்லை. செண்பகராமன் அந்த மாதங்களில் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். ஆள் ஒரு கண்டத்தில், கப்பல் இன்னொரு கண்டத்தில். மேடைப் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்ட கதை. அவர் பெருமைக்கு எம்டன் தேவையும் இல்லை.

புழல் ஏரி: 3,300 டி.எம்.சி. என்று மைக்கில் படித்தால் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்த பெற்றோர் யாராவது சிரித்துவிடுவார். டி.எம்.சி. என்றாலே ஆயிரம் மில்லியன் கன அடி. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, அதாவது 3.3 டி.எம்.சி. மொத்த உயரம் 21.20 அடி. பக்கத்துச் சோழவரம் 1,081 மில்லியன் கன அடிதான், மூன்றில் ஒரு பங்கு. மழைக்காலச் செய்தியில் ‘500 கன அடி திறப்பு’ என்று வருவது வினாடிக்கு இத்தனை என்ற வேகக் கணக்கு. ஏரியில் இருக்கும் அளவோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒரு கணக்கே போடலாம்: வினாடிக்கு 500 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 500 × 86,400, அதாவது 43.2 மில்லியன் கன அடி. அதே வேகத்தில் விட்டால் நிறைந்த புழல் காலியாக எத்தனை நாள்? 76 நாள் சொச்சம். திறக்கிற உபரி நீர் வடகரை, மணலி வழியாக எண்ணூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. புழல் திறந்தால் மணலிக்கு எச்சரிக்கை விடுவது அதனால்தான்.

பக்கிங்காம் கால்வாய்: 796 கி.மீ. என்பது காக்கிநாடாவில் தொடங்கும் கால்வாய்த் தொடர் முழுவதற்கும் சொல்கிற கணக்கு. ஆந்திராவின் பெத்த கஞ்சாமில் இருந்து மரக்காணம் வரை உள்ள பக்கிங்காம் கால்வாய் மட்டும் சுமார் 420 கி.மீ. கேள்வியை நீளத்தில் கேட்காமல் பிறப்பில் கேட்பது நல்லது. 1806-ல் முதலில் வெட்டியது நம்ம பக்கம்தான், சென்னையில் இருந்து எண்ணூருக்கு. அப்போது கோக்ரேன் கால்வாய். 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வட சென்னை புவியியல் என்றால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: தெற்கே மெரினா ஏன் அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே திருவொற்றியூரில் ஏன் தெருவே கடலுக்குள் போனது? இரண்டுக்கும் ஒரே காரணம், துறைமுகம்.

நம்ம கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை கரையைச் சாய்வாக அடிக்கும், மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே நகரும். ஆனால் வடக்கே போகிற மாதங்கள் அதிகம், தெற்கே வருவது குறைவு. வருஷக் கணக்கில் நிகரம் வடக்கு. 1875-ல் கடலுக்குள் கல் அணை போட்டுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயலில் அது சிதைந்தது, மறுபடி கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்கு அந்தக் கல் அணை குறுக்கே விழுந்த மரம் மாதிரி. தெற்குப் பக்கம் மணல் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. முன்பெல்லாம் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. ராஜாஜி சாலையைப் ‘பர்ஸ்ட் லைன் பீச்’ என்றது கடலோரம் என்பதால்தான். பீச் ஸ்டேஷனில் இன்று பீச் எங்கே?

வடக்குப் பக்கம் கணக்கு நேர் எதிர். அலை இருக்கிற மணலை எடுத்துப் போகிறது, தெற்கே இருந்து வர வேண்டிய மணல் வரவில்லை. வரவு இல்லாமல் செலவு மட்டும். அதனால் ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை அரித்துக்கொண்டே போனது. கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும், ஆனால் அரிப்பு கல் முடிகிற இடத்துக்கு வடக்கே தள்ளிப் போகும். ஒரு குப்பத்தில் கல் கொட்டினால் அடுத்த குப்பத்துக்காரர் பதறுவது இதனால்தான். துறைமுக வாயிலே முதலில் கிழக்கே பார்த்து இருந்தது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் வாய் வைத்தார்கள்.

ஆகவே ‘மெரினா இயற்கைக் கடற்கரையா’ என்று ஆம்–இல்லை கேள்வி வைக்காதீர்கள். மணல் இயற்கை, அகலம் துறைமுகம் கொடுத்தது.


பழைய வண்ணை படிப்பகம்:

நன்றி. 76 நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டோம். 7, 8, 9, 10 மீதி இருக்கிறது. 7-ல் கட்சிக்காரர்கள் வந்திருப்பார்கள், கொஞ்சம் அழுத்தம் திருத்தமாகச் சொன்னால் நல்லது.


ஓட்டேரி:

7: இரண்டு நாள், இரண்டு இடம். 1949 செப்டம்பர் 17-ல் கட்சி உருவானது ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் நடந்த கூட்டத்தில். மறுநாள் 18-ஆம் தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் தொடக்கப் பொதுக்கூட்டம். நாளை ஒன்றிலும் இடத்தை இன்னொன்றிலும் எடுத்ததுதான் உங்கள் தாளில் உள்ள பிழை. ராபின்சன் பூங்காவுக்கு இப்போது அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். பூங்காவின் இரண்டு பெயரில் எதைச் சொன்னாலும் சரி என்று போடுங்கள்.

8: ‘முதல்’ என்பதற்கு முன்னால் ‘முறையாக அமைக்கப்பட்ட’ என்று சேர்த்தால் விடை நிற்கும். பம்பாயில் 1890-லேயே லோகண்டே மில் தொழிலாளர் சபை ஒன்றை அமைத்திருந்தார், ஆனால் அதற்கு உறுப்பினர் பட்டியல், சந்தா, விதிமுறை எதுவும் ஒழுங்காக இல்லை. சென்னை தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் பி அண்டு சி என்ற துணி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா. துணைத் தலைவர்களில் திரு.வி.க. ஒருவர். ஆனால் வேலையை இழுத்துப்போட்டுச் செய்த செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு பெயர்களைக் கேட்டால்தான் அது வட சென்னைக் கேள்வி. அகில இந்தியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏ.ஐ.டி.யு.சி. 1920, தொழிற்சங்கச் சட்டம் 1926. இந்த வரிசை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மே தினம் தனி: 1923 மே 1, சிங்காரவேலர், இரண்டு கூட்டம். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றது திருவல்லிக்கேணிக் கடற்கரையில்.

9: துறைமுகம், மாதவரம் இரண்டும் வெளியே. துறைமுகம் தொகுதி மத்திய சென்னையில் இருக்கிறது. மாதவரம் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில். சரியான ஆறு: திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். பாரிமுனையும் பூக்கடையும் பேச்சில் வட சென்னை, வாக்குச்சாவடியில் மத்திய சென்னை. ஆர்.கே. நகரை விரித்தால் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர்; ராமகிருஷ்ணன் என்று சொல்கிறவர்கள் நிறைய.

மாநகராட்சிக் கணக்கு வேறு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று முதல் ஆறு மண்டலங்கள். 2011-ல் எல்லை 174-ல் இருந்து 426 சதுர கி.மீ. ஆகி, 200 வார்டு, 15 மண்டலம் ஆனபோதுதான் திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் சென்னைக்குள் வந்தன. அதற்கு முந்தைய கைடில் பார்த்தால் திருவொற்றியூர் தனி நகராட்சியாகத்தான் இருக்கும். உங்கள் கைடு எந்த வருஷத்தது என்று முதலில் பாருங்கள்.

10: ராமசாமி முதலியார்கள் இரண்டு பேர். ஆர்.எஸ்.ஆர்.எம். என்பது ராஜா சர் ராமசாமி முதலியார், 1911-ல் மறைந்த வணிகர், சவளை ராமசாமி முதலியார் என்பார்கள். மைசூர் திவான் ஆற்காடு ராமசாமி முதலியார் வேறு ஆள், பின் தலைமுறை. அதே பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையை வயதானவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது ஏன் என்றும் கேட்கலாம். 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது அது. ஸ்டான்லி என்பது ஆளுநர் பெயர், 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது.

மூலக்கொத்தளம் பற்றி மேலே எழுதியவர் ஒன்றை விட்டுவிட்டார். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவர் நினைவிடமும் அங்கே இடுகாட்டில்தான். நடராசன் இறந்தது 1939 ஜனவரி 15, தாளமுத்து அதே மார்ச்சில். எழும்பூரில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கட்டடத்தின் பெயரும் இவர்கள் பெயர்தான். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.


வியாசை:

ஆளுமைகளுக்கு என் பங்கு.

பிட்டி தியாகராயர், 1852–1925. தி.நகர் அவர் பெயரில், அவரோ வண்ணாரப்பேட்டைக்காரர். நீதிக்கட்சியை 1916-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தும் முதல் அமைச்சர் பதவியை வேண்டாம் என்றார், சுப்பராயலு ரெட்டியார் ஏற்றார். பிள்ளைகள் இங்கே தவறாமல் வழுக்குவார்கள்.

வள்ளலார். பிறந்தது மருதூரில் 1823, வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமித் தெருவில். கந்தகோட்டம், திருவொற்றியூர் இரண்டு கோயிலையும் பாடியவர். ஏழுகிணறு என்ற பெயரே 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் திட்டமிட்ட கிணறுகளால் வந்தது.

பட்டினத்தார் அடங்கியதாகச் சொல்கிற இடம் திருவொற்றியூர்க் கடலோரம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் அந்த ஊரில், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து. அந்தக் கோயிலில் மூலவர் மேல் வருஷம் முழுக்கக் கவசம் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கழற்றுவார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் தாய்மார்கள் பகுதியில் இருந்து விடை பறந்து வரும்.

கேரம் இல்லாமல் வட சென்னைச் சுற்று முழுமையாகாது. மரிய இருதயம் – கேரமுக்காக 1996-ல் அர்ஜுனா விருது. இளவழகி – வியாசர்பாடி, உலகச் சாம்பியன். காசிமா – 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம்.

தொழில் பக்கம் ஒரே ஒரு கேள்வி போதும்: மெட்ரோவின் விம்கோ நகரில் விம்கோ என்றால் என்ன? தீப்பெட்டிக் கம்பெனி.


பழைய வண்ணை படிப்பகம்:

போதும் போதும், நாற்பதைத் தாண்டிவிட்டது. கடைசியாக ஒன்று. நான்காவது சுற்றைப் படச் சுற்றாக மாற்றலாம் என்று பேச்சு. புதன்கிழமை இரண்டு பிள்ளைகளைப் போனோடு அனுப்பினால் ஒரே நடையில் எதையெல்லாம் எடுத்துவரலாம்?


மூலக்கொத்தளம்:

காலை ஏழு மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். ஒன்பதரைக்குப் பிறகு பாரிமுனையில் தூணுக்கு முன்னால் பஸ்ஸும் தள்ளுவண்டியும் மறைத்துவிடும், படத்தில் தூண் தவிர எல்லாம் விழும். ராயபுரம் ஸ்டேஷனின் முகப்புத் தூண்களில் ஆரம்பித்து, மாடிப் பூங்காவின் மதில், பிறகு பஸ் பிடித்துப் பாரிமுனைத் தூண், அங்கிருந்து நடந்து எம்டன் கல். ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குள் படம் எடுக்க வேண்டாம், ரோட்டில் நின்றே முகப்பு முழுதாக வரும். மதிலைப் பூங்காவுக்கு உள்ளே நின்று எடுத்தால் செடிதான் தெரியும். வெளியே பழைய ஜெயில் ரோட்டில் எதிர்ச்சாரிக்குப் போய், பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி எடுக்கட்டும், அப்போதுதான் உயரம் புரியும். எம்டன் கல்லில் எழுத்துச் சிறியது, வெயில் எதிரே அடித்தால் படிக்க வராது. பக்கவாட்டில் நின்று இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.


காசிமேடு அலை:

பீச் ஸ்டேஷன் பெயர்ப் பலகையையும் ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள். அதைத் திரையில் போட்டு ‘இந்தப் பெயரில் உள்ள பீச் எங்கே போனது’ என்று கேட்டால் கரைக் கேள்விக்குத் தனியாக வரைபடம் தேவையில்லை.